உடம்பு வழியே மனதுக்கு வைத்தியம்: சில தவறான எண்ணங்கள்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

"உடம்பு மூலமா மனசைச் சரி பண்ற தெரபின்னு சொல்றாங்களே, அது மசாஜா, யோகாவா?" என்று போன கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார். அதற்குப் பதில் சொல்ல இன்றைக்குச் செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்.

மசாஜ் இல்லைங்க. பெரும்பாலும் இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்துதான் இருப்பார்கள். சில முறைகளில் தோளையோ கையையோ தொடுவது உண்டு. அதற்கு முன்பே உங்கள் சம்மதம் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் அத்தோடு விட வேண்டும். கேட்காமல் தொட்டால் எழுந்து வந்துவிடுங்கள். யோகாவும் இல்லை, இதில் ஆசனம் எதுவும் சொல்லித்தருவதில்லை.

பிறகு என்னதான் நடக்கும்? நாமக்கல் பக்கம் லாரியோடு சம்பந்தமில்லாத குடும்பம் குறைவு. விபத்தில் தப்பித்த ஒரு டிரைவரை நினைத்துக்கொள்ளுங்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் பின்னால் ஏர் ஹாரன் அடித்தால் தோள் காதுவரை ஏறுகிறது, மூச்சு நிற்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. "ஒண்ணுமில்லப்பா, தைரியமா இரு" என்றால் தலையாட்டுவார், தோள் இறங்காது. ஆபத்து போன பிறகும் அவர் உடம்பு தயார்நிலையிலேயே நிற்கிறது.

அங்கே போனால் எல்லாவற்றையும் கொட்டி அழ வேண்டும் என்ற பயம்தான் பலரை வாசலிலேயே நிறுத்துகிறது. விபத்தை முதலிலிருந்து சொல்லும்படி அவரை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். "இப்போ தோளில் என்ன தெரியுது? பாதம் தரையில் பதிஞ்சிருக்கிறது தெரியுதா?" என்று கேட்பார்கள். இறுக்கத்தைக் கொஞ்சம் கவனிப்பது, உடனே நிதானமான இடத்துக்குத் திரும்புவது, மறுபடி கொஞ்சம். முதல் நாளே உடம்பு நடுங்கிக் கதறினால்தான் வேலை செய்கிறது என்று நினைப்பதும் தப்பு. பாதியில் "இன்னைக்குப் போதும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரே சிட்டிங்கில் சரியாகிவிடுமா? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, உளவியலாளர் ராஜா செல்வமும் ஒரு சிகிச்சைக் குழுவும் நம் கடலோர மக்களிடம் இந்த முறையில் வேலை செய்தார்கள். 150 பேர், ஆளுக்கு ஒரே ஒரு 75 நிமிட அமர்வு. எட்டு மாதம் கழித்து 90 சதவீதம் பேர் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள். 2008-இல் ஆய்விதழில் வந்த செய்தி இது. மகிழ்ச்சிதான். ஆனால் சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எட்டு மாதத்தில் படகும் தொழிலும் திரும்பி வந்தாலே மனிதர் பாதி தேறுவார். எதனால் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. 2017-இல் வெளியான இஸ்ரேல் ஆய்வில் 63 பேரைப் பிரித்து ஒப்பிட்டார்கள். வாரம் ஒன்றாக 15 அமர்வுகள், நல்ல பலன். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். வருஷக்கணக்காக வீட்டிலேயே அடி வாங்கியவருக்கு இன்னும் அதிகம் ஆகலாம்.

நெஞ்சு படபடப்பு என்றால் முதலில் ஈசிஜி, சர்க்கரை, தைராய்டு பார்த்துவிடுங்கள். சாப்பிடுகிற மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால் உடனே வீட்டில் "அவ நடிக்கிறா" என்கிறோமே, அதை விட்டுவிடலாம். ஸ்கேனில் தெரியாத வலியும் வலிதான். அப்படிப் பேச்சு வாங்கிய பெண்கள்தான் நாலாவது ஸ்கேனுக்கு நகையை அடகு வைக்கிறார்கள்.

இந்தச் சிகிச்சைக்கென்று தனி அரசு உரிமம் நம் நாட்டில் இல்லை. சனி, ஞாயிறு வகுப்பில் வாங்கிய சான்றிதழையும் சிலர் மாட்டி வைத்திருக்கலாம். அடிப்படைப் படிப்பு உளவியலா, மனநல மருத்துவமா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போக வேண்டாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மனஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசுச் சேவை, இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். நேரில் என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது.

டீ வந்துவிட்டது. தனியாகக் கேட்க வேண்டியவர்கள் கேளுங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன்.