திரையோரத்துச் சிறு சின்னம்



மணலி புதுநகரில் வாழ்வோருக்குத் துறைமுகம் புதிதன்று. ஒருபுறம் 2001-இல் செயற்படத் தொடங்கிய காமராஜர் துறைமுகம். மறுபுறம் பழைய சென்னைத் துறைமுகம். எவ்வளவு பெரிய கப்பலானாலும் தான் விரும்பிய இடத்தில் தானே சென்று நின்றுவிட முடியாது. துறைமுகத்திடம் இடம் கேட்டு, அது காட்டும் தளத்திலேயே நிற்க வேண்டும். கணிப்பொறித் திரையின் ஓரத்தில், சிஸ்டம் டிரே என்னும் பகுதியில் தோன்றும் சிறு சின்னங்களுக்கும் இதுவே நியதி.

இச்சின்னத்தின் அருமையைத் தமிழர் நன்கறிவர். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை உருவாயிற்று. பின்னர் வந்த எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற தட்டச்சு மென்பொருள்கள் திரையோரத்தில் சின்னமாக அமர்ந்து, இப்போது விசைகள் தமிழா ஆங்கிலமா என்று அறிவித்தன. கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையில் புள்ளிகளே தெரியும். மொழி மாறியிருப்பதை அச்சின்னம் உணர்த்தாவிடில், கல்லூரி விண்ணப்பத்தின் கதவு திறவாமலே நின்றுவிடும் அன்றோ?

ஒரே நிரலை விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயக்க விரும்புவோர், மூன்று துறைமுகங்களின் விதிகளை அறிதல் வேண்டும்.

விண்டோஸ் 1995-லேயே திரையின் கீழ் வலப்பக்கத்தில் இதற்கு இடம் வகுத்தது. அங்குள்ள பணிப்பட்டை பழுதுற்று மீண்டும் எழுமாயின், பழைய சின்னங்கள் மறைந்துவிடும். தான் மீண்டும் பிறந்ததை அது எல்லா நிரல்களுக்கும் அறிவிக்கும். அதைச் செவிமடுத்த நிரல் மறுபடியும் இடம் கேட்க வேண்டும்.

மேக் கணிப்பொறியில் சின்னம் மேற்பட்டையின் வலப்பக்கம் அமரும். பட்டை வெளுத்தும் இருக்கலாம், கறுத்தும் இருக்கலாம். ஆகவே ஒரே நிறத்தில் வரைந்த வார்ப்புப் படத்தைக் கொடுத்துவிட்டு, நிறத்தைத் தேரும் பொறுப்பை அமைப்பிடமே விடுதல் நன்று.

லினக்ஸில்தான் சிக்கல் மிகுதி. பழைய முறையில் சின்னமே ஒரு குட்டிச் சாளரமாகப் பட்டைக்குள் பொருத்தப்பட்டது. புதிய முறையில் நிரல் தன் பெயர், படம், பட்டியல் ஆகியவற்றை டி-பஸ் என்னும் செய்தித்தடத்தின் வழியே தெரிவிக்க, பட்டையே அவற்றை வரைகிறது. கேடிஇ புதிய முறையை ஏற்றது. குனோம் 2017-இல் வெளிவந்த 3.26 பதிப்பில் பழைய இடத்தையே நீக்கிவிட்டது. அங்குச் சின்னம் தோன்ற நீட்சி ஒன்று தேவை. உபுண்டு அந்நீட்சியை உடன் சேர்த்தே வழங்குகிறது.

க்யூடி போன்ற கருவித்தொகுப்புகள் இவ்வேறுபாடுகளுள் பலவற்றைத் தாமே ஏற்றுக்கொள்ளும். ஆயினும் மூன்று கடமைகள் நிரலாளருக்கே உரியவை. முதலாவது, டிரே உண்டா என்று கேட்டறிதல். இரண்டாவது, எல்லாச் செயல்களையும் சின்னத்தின் பட்டியலில் வைத்தல்; ஏனெனில் சில இடங்களில் இடப்பக்கச் சொடுக்கும் பட்டியலையே திறக்கும். மூன்றாவதே தலையாயது: டிரே இல்லாத இடத்தில் சாளரத்தை மூடினால், நிரல் முடிவுற வேண்டும், அல்லது சாளரம் கண்முன் நிற்க வேண்டும். இன்றேல் நிரல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். பயன்படுத்துவோருக்கோ அதனை அடைய வழியே இராது.

தளம் கிடைக்காத கப்பல் நங்கூரமிட்டுக் காத்திருக்கும், கடலுள் மறைந்துவிடுவதில்லை. நீங்கள் எழுதும் நிரல்களும் அவ்வாறே ஒழுகுமாக!