நானா?



இந்தத் தேசபந்து மைதானத்தில் மேடையேறிப் பேசுகிறவன் எவனும் முதலில் ஒரு கிழவரை நினைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவன். சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது முதலான கோரிக்கைகளோடு 1956 ஜூலை 27-ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கி, இந்த மைதானத்திலே பட்டினி கிடந்த சங்கரலிங்கனார், அக்டோபர் 13-ஆம் தேதி, கோரிக்கை நிறைவேறாமலே உயிர் நீத்தார். அவர் கேட்ட பெயர் 1969 ஜனவரி 14-ஆம் தேதிதான் சட்டப்படி வந்து சேர்ந்தது. மனுப் போட்டவனின் ஆயுளைக் காட்டிலும் மனுவின் ஆயுள் நீளமாக இருக்கும் என்பதை இந்த ஊரைப் போல் அறிந்த ஊர் வேறு இல்லை. ஆகவே, மனம் நொந்து, சித்தம் கலங்கி, பட்டாளத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, அதற்குரிய பென்ஷனும் மறுக்கப்பட்டு, மனுவுக்கு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருக்கும் சிப்பாய்களைப் பற்றிப் பேச இதைவிடத் தகுந்த இடம் எனக்குக் கிடைக்காது.

சாத்தூர்ப் பக்கத்திலோ வெம்பக்கோட்டைப் பக்கத்திலோ ஒரு பையனை எண்ணிக்கொள்ளுங்கள். வானம் பார்த்த கரிசல் காடு. மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ் அல்லது பட்டாசு ஆலை. இரண்டும் வேண்டாம் என்றால் பட்டாளம். ஆள் எடுக்கும் இடத்தில் அவனை ஓட விடுகிறார்கள், மார்பை அளக்கிறார்கள், பல்லை எண்ணுகிறார்கள், பாதம் தட்டையா என்று பார்க்கிறார்கள், கண்ணுக்கு முன்னால் வர்ணப் புத்தகத்தை நீட்டுகிறார்கள். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட இவ்வளவு சுழி பார்க்க மாட்டான். எல்லாம் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்ட பிறகுதான் அவன் தோளில் துப்பாக்கி ஏறுகிறது. எட்டு வருஷமோ பத்து வருஷமோ பனியிலும் பாலைவனத்திலும் இரவுக் காவல் நின்ற பிறகு, அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. கூட இருப்பவர்கள் சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்கிறான். இல்லாத குரல் கேட்கிறது என்கிறான். ராணுவ ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள். மெடிக்கல் போர்டு கூடுகிறது. ஒரே ஒரு வாசகத்தை எழுதி ஊருக்கு அனுப்பிவிடுகிறது.

‘படைப்பணியினால் உண்டானதும் அன்று, படைப்பணியினால் அதிகரித்ததும் அன்று’ என்பதே அந்த வாசகத்தின் பொருள். இங்கிலீஷில் அது நான்கு சொல். அந்த நான்கு சொல்லின் முதலெழுத்துகளையும் கோத்து ‘நானா’ என்று சுருக்கிச் சொல்லுவது பட்டாள வட்டாரத்து வழக்கம். சிலேடைக்காக நான் கட்டியதாக எவரும் எண்ண வேண்டாம்; சந்தேகம் உள்ளவர்கள் இங்கே முன் வரிசையில் அமர்ந்திருக்கும் மாஜி சிப்பாய்களைக் கேட்டுக்கொள்ளலாம். அவர்களுக்கு அது ஒரு சுருக்கெழுத்து. தமிழ்ச் சிப்பாயின் காதிலோ அது கேள்வியாக விழுகிறது. நானா? இந்த வியாதியை வீட்டிலிருந்து டிரங்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவன் நானா? அன்று என்னைத் தட்டிப் பார்த்துச் சரி என்றவர்கள் நீங்களா, நானா?

சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்லிற்று என்று பார்த்தால், சட்டம் சிப்பாயின் பக்கத்தில்தான் நின்றது. 1982-ஆம் வருஷத்து உரிமை விதிகளில் ஐந்தாம் விதி, சேருகிற நாளில் குறிப்பு எதுவும் எழுதப்படாவிட்டால் அவன் உடலிலும் மனத்திலும் ஆரோக்கியமாகவே சேர்ந்தான் என்று கொள்ள வேண்டும் என்றது. ஒன்பதாம் விதி, நிரூபிக்கும் பாரம் கேட்கிறவன் மேல் இல்லை, நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவனுக்கே, போர்முனையில் நின்றவனுக்கு அதை இன்னும் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்றது. பதினான்காம் விதியோ, சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று வைத்தியர்கள் கருதினால் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்றது. காரணம், ஐயா, காரணம்! ‘பிறவிக் கோளாறு’ என்று இரண்டு வார்த்தை எழுதினால் அது காரணமாகிவிடுமா?

ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2013 ஜூலை 2-ஆம் தேதி சொல்லிற்று. தரம்வீர் சிங் வழக்கு என்று இன்று நாட்டில் எந்தச் சிப்பாயின் மனுவை எடுத்தாலும் மேற்கோளாக நிற்கிறதே, அந்த வழக்கு. வலிப்பு நோயென்று 1994-இல் அனுப்பப்பட்டவர் அவர். ஹிமாசல ஹைகோர்ட்டில் தனி நீதிபதியிடம் ஜெயித்து, இரு நீதிபதிகளிடம் தோற்று, பத்தொன்பது வருஷம் கழித்து டில்லியில் ஜெயித்தார். அதே நாளில் நீதிபதி சிங்வி அமர்ந்து தீர்த்த இன்னொரு வழக்கு நம்முடைய விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. வீர்பால் சிங் வழக்கில், 1972-இல் சேர்ந்த சிப்பாயை 1977-இல் மனோவியாதி என்று வெளியே அனுப்பியிருந்தார்கள். கோர்ட்டு அகராதியைப் புரட்டி, வைத்திய நூல்களைப் புரட்டி, அந்த மனோவியாதியின் பெயருக்கு என்ன அர்த்தம், அதன் அறிகுறிகள் என்ன, மனநல வைத்தியர் எழுதியதில் அவற்றுக்கு ஆதாரம் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. பதில் இல்லாததால் புதிதாக ஒரு போர்டைக் கூட்டிப் பரிசோதிக்கச் சொல்லிற்று. 1977 எங்கே, 2013 எங்கே! முப்பத்தாறு வருஷம் கழித்து ஒரு மனிதனுக்குக் கிடைத்தது, மறுபடியும் ஒரு பரிசோதனை.

எதிர்க்கட்சியின் வாதத்தை மறைத்துவிட்டு ஜெயிப்பது மேடைக்கு அழகு அன்று. 2019 அக்டோபரில் நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் ஹேமந்த் குப்தாவும் வேறொரு சிப்பாயின் அப்பீலைத் தள்ளினார்கள். மனோவியாதி என்பது சேரும் நாளில் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கிற சங்கதி அன்று, பின்னால் நடத்தையில்தான் வெளிப்படும், ஆகவே சேரும்போது குறிப்பு இல்லை என்பதனாலேயே பட்டாளம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பது அவர்கள் வாதம். வாதத்தில் சாரம் இருக்கிறது; நான் மறுக்கவில்லை. அகமும் புறமும் கூடித்தான் சித்தம் கலங்குகிறது என்று வைத்தியர்களே சொல்லுகிறார்கள். ஆனால் சர்க்காரே, கண்டுபிடிக்க முடியாததை நீ கண்டுபிடிக்கவில்லை என்பது உன் கஷ்டம். அந்தக் கஷ்டத்தின் நஷ்டத்தை அவன் ஏன் சுமக்க வேண்டும்? சந்தேகத்தின் பலன் யாருக்கு என்று உன் விதியே சொல்லவில்லையா? 2025 மே மாதத்தில் நீதிபதிகள் ஓகாவும் கோடீஸ்வர் சிங்கும், ஒன்பது வருஷத்துக்கு மேல் பணியாற்றிய ஒரு மனோவியாதிக்காரரின் வழக்கில், போர்டு காரணம் எழுதாவிட்டால் மறுப்புக்கு அஸ்திவாரமே இல்லை என்று தீர்த்துப் பென்ஷன் கொடுக்கச் சொன்னபோது, இந்தப் பழைய விதிக்குத்தான் மறுபடி உயிர் வந்தது.

இனி, எனக்கு மிகவும் கோபம் தருகிற இடத்துக்கு வருகிறேன். மறுப்புக் கடிதம் வந்தால் முதல் அப்பீல், அதன் பிறகு இரண்டாவது அப்பீல், அதன் பிறகு 2007-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த ராணுவத் தீர்ப்பாயம், அதற்கும் மேலே ஹைகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு. தீர்ப்பாயத்துக்குப் போக ஆறு மாதம் கெடு. தாமதத்துக்குக் காரணம் சொன்னால் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம். தார்சேம் சிங் என்பவரின் வழக்கில் 2008-இல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்தபடி, காலம் கடந்து வந்தவனுக்குப் பாக்கி மூன்று வருஷத்துக்கு மட்டுமே. கால் போனவனுக்கு இந்தக் கணக்கு பொருந்தலாம். சித்தம் போனவனுக்கு? தேதி எது, கிழமை எது என்று தெரியாதவனிடம், நீ ஏன் ஆறு மாதத்துக்குள் வரவில்லை என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்வியைக் கேட்கிறவருக்கல்லவா வைத்தியம் பார்க்க வேண்டும்!

நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்துவருகிறேன். சிவகாசிக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து ஓர் அம்மாள் மஞ்சள் பையில் காகிதங்களைச் சுற்றிக்கொண்டு வருவார். அவருடைய வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து வந்தவர். பட்டாசுச் சத்தத்துக்கு அவர் நடுங்குவார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? இல்லை. வருஷம் முழுவதும் வெடியைப் போட்டுச் சோதித்துக்கொண்டிருக்கும் ஊர் அது. அந்தச் சத்தம் அவருக்குக் கோழி கூவுகிற மாதிரி. அவர் பயந்தது தபால்காரருக்கு. பழுப்பு உறையைக் கண்டால் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். ஆலையில் திரி வெட்டுகிற கூலியில் அந்த அம்மாள் நகல் எடுத்தார், பஸ் ஏறினார், ரிஜிஸ்டர் தபால் அனுப்பினார். பேய் பிடித்திருக்கிறது என்று ஊரார் சொன்னபோது ஏர்வாடிக்குக் கூட்டிப் போகலாமா என்று என்னைக் கேட்டார். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அந்த ஊரில் ஒரு கொட்டகை எரிந்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் வெந்துபோனதை நான் மறக்கவில்லை. வேண்டாம் அம்மா என்றேன்.

பட்டாளத்துக்காரனுக்கு மட்டுமே நேர்கிற அநீதி இது என்று பட்டாசுத் தொழிலாளர்கள் ஒதுங்கி நிற்க வேண்டாம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து இங்கே தொடங்கிய காலத்தையொட்டி, 1923-இல் பிறந்த தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். கட்டை விரல் போனால் நூற்றுக்கு 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்களே, அன்று புகைக்குள் ஓடிக் கருகிய உடல்களைத் தூக்கி வந்தவனுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருந்திருக்கலாம்; அதன் பிறகு அவன் வெடிமருந்து அறைப் படியேற முடியாமல் நின்றால் அவனுக்கு அட்டவணையில் வரி இல்லை. அட்டவணையில் இல்லாத காயத்தை வைத்தியர் மதிப்பிடலாம் என்று சட்டத்தில் வழி உண்டு என்பார்கள். உண்டு, அந்த வழியாக மனக் காயத்தோடு நடந்து போய்ச் சேர்ந்தவர் இந்தக் கூட்டத்தில் யாரேனும் இருந்தால் கை தூக்குங்கள், பார்ப்போம்.

பென்ஷனுக்கு நம் பெரியவர்கள் ‘உபகாரச் சம்பளம்’ என்று பெயர் வைத்தார்கள். நல்லெண்ணத்தில் வைத்த பெயர்தான். ஆனால் அந்த உபகாரம் என்ற சொல் குமாஸ்தாவின் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பென்ஷன் எஜமானனின் தயவு அன்று, வேலை செய்தவனின் உரிமை என்று 1982 டிசம்பர் 17-ஆம் தேதி நகாரா வழக்கில் தீர்ந்துபோன விஷயம். ஊனமுற்ற வீரர்களுக்கு எதிராக ஓயாமல் அப்பீல் போடுவதை நிறுத்த வேண்டும் என்று, பாதுகாப்பு மந்திரி பாரிக்கர் 2015-இல் அமைத்த நிபுணர் குழுவே யோசனை சொல்லிற்று. குழு அவர்களுடையது, யோசனை அவர்களுடையது, அப்பீலும் அவர்களுடையது!

ஆகையால் இந்தச் சபையின் முன் தீர்மானம் ஒன்றை வைக்கிறேன். சித்தம் கலங்கி வந்த வீரனுக்கு எதிராகக் கெடுவும் மூன்று வருஷக் கணக்கும் ஓடக் கூடாது. போர்டின் நடவடிக்கை நகலும் அதன் காரணமும் அவன் தாய்மொழியில் அவன் வீட்டாருக்குக் கொடுக்கப்பட வேண்டும். தீர்ப்பாயம் கொடுத்ததை எதிர்த்துப் போட்ட அப்பீல்களைச் சர்க்கார் திரும்பப் பெற வேண்டும். ஆமோதிப்பவர்கள் ஆமோதிக்கட்டும். கூட்டம் முடிந்ததும், மஞ்சள் பையோடு வந்திருக்கிற தாய்மார்கள் மேடையின் இடப்பக்கத்து மேஜைக்கு வரலாம். டிஸ்சார்ஜ் புத்தகம், போர்டின் தாள், கடைசியாக வந்த மறுப்புக் கடிதம், அதோடு அது வந்த உறையும் வேண்டும், தபால் முத்திரைத் தேதிக்காக. மூலத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், என்னிடமும்கூட, நகல் போதும்.