இறைநன்றியும் ஆய்வுநிதியும்



பத்தாண்டு நிறைவு விழாவில் எதைப் பேசுவது என்று எண்ணியபோது, நன்றி என்னும் சொல்லே முன்வந்து நின்றது. இன்று இம்மேடையில் பலமுறை ஒலிக்கவிருக்கும் சொல் அது. அதனை ஆராய்வதற்கென்றே பெருநிதி வழங்கும் அறக்கட்டளை ஒன்று அமெரிக்காவில் உண்டு. மனிதர் மனிதருக்குச் சொல்லும் நன்றியோடு, இறைவனுக்குச் செலுத்தும் நன்றியும் அதன் துணையால் பல்கலைக்கழக ஆய்வுப் பொருளாகியிருக்கிறது. இதனைக் கவிஞர்கள் எவ்வாறு நோக்க வேண்டும் என்பதே என் உரையின் பொருள்.

நிதியின் வரலாற்றை முதலில் சுருங்கச் சொல்கிறேன். 1912இல் டென்னசி மாநிலத்தில் பிறந்த ஜான் டெம்பிள்டன், பங்கு முதலீட்டில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். 1972இல் சமயத் துறைக்கென ஒரு பரிசை நிறுவி, அதன் தொகை நோபல் பரிசினும் மிகுந்திருக்க வேண்டுமென விரும்பினார். முதற்பரிசு 1973இல் அன்னை தெரசாவுக்குக் கிடைத்தது. 1975இல் அதனைப் பெற்றவர் திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன். டெம்பிள்டன் தம் பெயரிலான அறக்கட்டளையை 1987இல் தொடங்கினார்.

2003இல் இராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்னும் உளவியலாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவருள் ஒரு சாரார் நன்றிக்குரியவற்றை ஐந்து வரை வாரந்தோறும் எழுதினர். மற்றொரு சாரார் தொல்லைகளை எழுதினர். மூன்றாம் சாரார் நிகழ்ந்தவற்றை எழுதினர். நன்றிக்குரியவற்றை எழுதியோர் தம் வாழ்வை மற்றவரினும் நிறைவாக மதிப்பிட்டனர். இத்துறை வளர்வதற்கென 2011இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழக மையம் ஒன்றுக்கு டெம்பிள்டன் அறக்கட்டளை 56 லட்சம் டாலர் வழங்கியது. பின்னர், பயோலா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, இறைநன்றியை உளவியல், மெய்யியல், இறையியல் ஆகிய மூன்று நோக்கிலும் ஆராயும் திட்டத்திற்கும் அதன் நிதி சென்றது.

இத்துறையில் என்னை நெடிது சிந்திக்க வைத்தது 2006இல் நீல் கிரௌஸ் என்னும் அறிஞர் முதியோரைப் பற்றி வெளியிட்ட ஆய்வு. சீர்கெட்ட சுற்றுப்புறத்தில் வாழ்வது உடல்நலத்தைக் கெடுக்கிறது. ஆயினும் கடவுளிடம் மிகுந்த நன்றியுணர்வு கொண்ட முதியோரிடம் அக்கேடு குறைவாகக் காணப்படுகிறது என்பது அதன் முடிவு. இதை இருவகையாகப் படிக்கலாம். இடிந்த தெருவிலும் மனம் இடியாமல் நிற்க நன்றி துணை செய்கிறது என்பது ஒருவகை. நன்றி இருந்தால் போதும், தெருவைச் செப்பனிட வேண்டியதில்லை என்பது மற்றொரு வகை. ஆய்வாளர் பின்னதைச் சொல்லவில்லை. ஆனால் அப்படிப் படிக்க விரும்புவோர் என்றும் இருப்பர். 2015இல் எழுத்தாளர் பார்பரா எரன்ரைக் இந்த அச்சத்தையே எழுப்பினார். நம் உணவை விளைவித்துச் சமைத்து வழங்கும் உழைப்பாளிகளை மறந்துவிட்டுப் பொதுவாக நன்றியுணர்வில் திளைப்பது தன்னலமே என்றார்.

நிதி தந்தவர் சமயப் பற்றாளர் என்பதனாலேயே ஆய்வைத் தள்ளிவிடலாகாது. பரிசில் பெற்றுப் பாடிய மரபு நம்முடையது. பரிசில் பெற்றதனால் புறநானூறு பொய்யாகிவிடவில்லை. கொடாதவனைக் கடிந்த புலவரும், மதியாது தந்த பரிசிலை மறுத்த புலவரும் அதே தொகையில் இருக்கின்றனர். நிதி பெறும் ஆய்வாளரிடமும் இந்த நிமிர்வையே எதிர்பார்க்கிறோம். நன்றியால் பயன் விளையாத இடங்களையும், நன்றி சொல்லச் சொல்லி வாயடைக்கும் இடங்களையும் அவர்கள் எழுத வேண்டும்.

இங்கே நம் சொல்லே நமக்கு வழிகாட்டும். பழந்தமிழில் நன்றி என்பது பெற்றவர் நெஞ்சில் எழும் உணர்ச்சியை மட்டும் குறித்ததன்று. செய்யப்பட்ட நன்மையையே குறித்தது. ஆதலால்தான் வள்ளுவர் தம் அதிகாரத்திற்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயரிட்டார். அறிதலே பெற்றவரின் கடமை. செய்தவர் யார், செய்தது எத்தகையது, என்ன இன்னும் செய்யப்படவில்லை என்பனவெல்லாம் அவ்வறிவுள் அடங்கும். இறைவனுக்கு நன்றி கூறும் முதியவள், குடிநீர் கொணர்ந்த அண்டை வீட்டுப் பெண்ணையும் அறிவாள். குழாய் வைக்காத நகராட்சியையும் அறிவாள். ஒன்றை அறிவது மற்றொன்றை மறைப்பதில்லை. உணர்ச்சியை மட்டும் ஒன்று முதல் ஏழு வரை எண்ணிட்டு அளக்கும் வினாப்படிவத்தில் இவ்வறிவு எளிதில் அகப்படாது.

அவ்வினாக்கள் தமிழில் பெயர்க்கப்படும்போது இச்சிக்கல் இன்னும் பெருகும். நன்றியுணர்வு, நன்றிக்கடன், போற்றுதல், ஸ்தோத்திரம், அருள்நினைவு ஆகியவற்றுள் எதை இடுவது? ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு விடையை வரவழைக்கும். சொல்லின் நிறை அறிந்தவர்கள் இவ்வவையில் அமர்ந்திருக்கிறீர்கள். வரும் ஆண்டில் ஓர் அமர்வையேனும் இச்சொற்களை ஆராய ஒதுக்குமாறு வட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் பெருநிதி வேண்டா. ஒரு மாலைப் பொழுது போதும்.