வாயை அடைத்தது யார்?

(தலைப்பு: நகரங்கள் அழிவது பெரிதும் இயற்கையாலே! மனிதனாலே!)



நான் கூடுவாஞ்சேரியிலிருந்து வருகிறேன். "கடலும் இல்லை, துறைமுகமும் இல்லை, உங்களுக்கு இந்தத் தலைப்பிலே என்னம்மா வேலை?"ன்னு எதிரணித் தலைவர் கேட்டார். ஐயா, 2015 டிசம்பர்ல வந்திருந்தீங்கன்னா எங்க தெருவிலேயே படகு பார்த்திருக்கலாம்! (சிரிப்பு, கைதட்டல்)

கொற்கையைத் தாமிரபரணிதான் அழித்தது என்றார். பாண்டியரின் முத்துத்துறை அது. கிரேக்க மாலுமி 'கொல்கி' என்று குறித்துவைத்த ஊர். ஆறு வண்டலைக் கொட்டியது, கடல் விலகியது. இன்றைக்கு அங்கிருந்து கடலைப் பார்க்க ஆறேழு கிலோமீட்டர் போகணும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வியாபாரம் செத்தா போச்சு? காயல், புன்னைக்காயல், தூத்துக்குடி என்று கடல் பின்னாலேயே போனது. இயற்கை நோட்டீஸ் கொடுத்தது, நூற்றாண்டுக் கணக்கிலே தவணையும் கொடுத்தது!

எபேசு நகரையும் சொன்னார். துருக்கியிலே, ஏழு அதிசயங்களில் ஒன்றான ஆர்ட்டெமிஸ் கோயில் இருந்த ஊர். அங்கேயும் ஆற்று வண்டல்தான். ஆனால் ஸ்ட்ராபோ எழுதியதைச் சொல்லாமல் விட்டுவிட்டாரே! அட்டலஸ் என்ற அரசர் துறைமுக வாயைக் குறுக்கிச் சுவர் கட்டச் சொன்னார். வாய் குறுகினால் ஆழம் கூடும், பெரிய கப்பல் வரும் என்று கணக்கு. நடந்தது என்ன? கடலலை வாரிக்கொண்டு போன வண்டல் உள்ளேயே தங்கி, துறைமுகம் மேடாகிவிட்டது. வாயை அடைத்தது ஆறா, அரசரா?

அட்டலஸை ஏன் குறை சொல்லணும்? நாங்க வீடு வாங்கினப்போ என் மாமியார் ஒரே கேள்விதான் கேட்டாங்க: "மழைத்தண்ணி எந்தப் பக்கம்டி போகும்?" நான் வண்டி நிறுத்த இடம் இருக்கான்னுதான் பார்த்தேன். வாசல் வாய்க்காலைக் குறுக்கிப் படி கட்டினேன். தெருவே கட்டியது. நந்திவரம் ஏரி நிரம்பின அந்த ராத்திரி, இடுப்பளவு தண்ணி. மேஜைமேல உட்கார்ந்திருந்த மாமியார், மிதந்து போன தன் கல்யாணப் போட்டோவைப் பார்த்தபடி சொன்னாங்க: "தண்ணி வழி தவறி வரலம்மா. அதோட வழியிலதான் வந்திருக்கு."

தண்ணி வடிஞ்சதும் முதல் வேலையா அந்தப் படியை இடிச்சேன் நடுவர் அவர்களே. (கைதட்டல்) இயற்கை குற்றவாளின்னா, நான் எதுக்கு என் படியை இடிக்கணும்? தீர்ப்பை உங்களிடமே விடுகிறேன்.