கப்பல் பட்டியலில் இருந்து எழுந்த குரல்



1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல், நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் இந்தியர்கள், 342 பேர், அதில் இருந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங்.

இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், சாதி. பஞ்சமும் கடனும் சேரியின் இழிவும் துரத்தக் கடலைக் கடந்தவர்களுக்கு முன்னால் அந்தச் சாதிக் கட்டமும் கப்பலேறிப் போயிருந்தது.

தோட்டத்தில் நடந்தது என்ன? சீட்டு இல்லாமல் வெளியே போனால் குற்றம். வேலைக்கு வராவிட்டால் குற்றம். நோயில் படுத்தால் கூலியில் பிடித்தம். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி. சம்பளத்தைப் பல மாதம் நிறுத்தி வைத்த முதலாளிகளும் இருந்தார்கள். சட்டம் இதை ஒப்பந்தம் என்றது. நமக்கு இது தெரிந்த கதை. பண்ணையாள் முறைக்கு ஆங்கிலத்தில் பத்திரம் எழுதினார்கள், அவ்வளவுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது துயரக் கதை மட்டுமல்ல. 1871இல் ஊர் திரும்பிய தொழிலாளர்கள் சென்னையில் அதிகாரிகள் முன் நின்று, அடியையும் பிடித்தத்தையும் கொடுக்காத கூலியையும் சொன்னார்கள். குறை தீராமல் இனி ஆள் அனுப்ப முடியாது என்று இந்திய அரசு நின்றது. நேட்டால் அரசு 1872இல் விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. 1874இல்தான் மீண்டும் கப்பல்கள் போயின. கொடுமை அதோடு ஓயவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க நினைத்தவர்மீது ஆண்டுக்கு 3 பவுண்டு வரி போட 1895இல் சட்டம் வந்தது. உழைக்க மட்டும் வா, வாழ வராதே என்பதே அதன் பொருள்.

காந்தி நேட்டாலில் இறங்கியது 1893இல். அதற்கு 22 ஆண்டுகள் முன்பே கூலிகள் பேசிவிட்டார்கள். தென்னாப்பிரிக்க இந்தியர் வரலாற்றை ஒரு வழக்கறிஞரிடமிருந்து தொடங்குகிற பாடநூல், அந்தச் சாட்சியத்தை விட்டுவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வாய்மொழி ஓர் அரசை நிறுத்தி விசாரிக்க வைத்தது என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊர்ச் சேரியில் கப்பலேறிப் போனவர் யார் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பெயர் கிடைத்தால் குறித்து வையுங்கள். பட்டியலில் உள்ள எண்ணுக்கு எதிரே ஒரு குடும்பத்தையும் ஒரு தெருவையும் எழுதிச் சேர்ப்பது நம் வேலை.