நில நடுக்கமும் நம் வீட்டுச் சுவர்களும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நில நடுக்கம் இமயமலை அடிவாரத்துக்கே உரியது. தக்காணத்தின் பழம்பாறை அசையாது என்று நாம் நெடுநாள் நம்பியிருந்தோம். அந்நம்பிக்கையைத் தகர்த்தது மகாராஷ்டிரத்திலுள்ள கில்லாரி கிராமம்.

1993 செப்டம்பர் 30ஆம் தேதி விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன், பிள்ளையார் விழா முடிந்து மக்கள் அயர்ந்து உறங்கிய வேளையில், அவ்வட்டாரம் அதிர்ந்தது. லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அதிர்ச்சியின் அளவோ 6.2 தான். அன்றைய தேசப்படத்தில் அப்பகுதி அபாயம் மிகக் குறைந்த மண்டலமாகவே குறிக்கப்பட்டிருந்தது.

இது எவ்வாறு நேர்ந்தது? நம் நாட்டைத் தாங்கும் நிலத்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் வடக்கே நகர்ந்து ஆசியாவுடன் மோதுகிறது. மோதும் எல்லை கில்லாரிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆயினும் ஒரு பலகையைச் சுவரில் முட்டுக்கொடுத்து மறுமுனையில் நெருக்கினால், நடுவிலுள்ள பழைய கீறலில் அது முறிகிறதல்லவா? அதுபோலவே தட்டின் உட்பகுதியிலுள்ள பழைய பிளவுகளில் அழுத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்து, ஒருநாள் வெளிப்படுகிறது. இடைக்காலம் மிக நீண்டது. ஆதலால் ஊரார் நினைவில் அது தங்குவதில்லை. 1900 பிப்ரவரி 8ஆம் தேதி நம் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள நில நடுக்கம் நேர்ந்ததை இன்று எத்தனை பேர் அறிவோம்?

கில்லாரியில் உயிர்களைப் பலிகொண்டவை வீடுகளே. கனத்த கற்சுவர்கள் சேற்றால் கட்டப்பட்டிருந்தன. உட்புறக் கல்லுக்கும் வெளிப்புறக் கல்லுக்கும் பிணைப்பில்லை; நடுவே சிறு கற்களே நிரப்பப்பட்டிருந்தன. அவற்றின்மேல் வெயிலுக்கும் மழைக்கும் காப்பாக மண்ணைக் கனமாகப் பரப்பிய கூரை. சுவர் பிளந்தது, கூரை உறங்கியோர்மீது விழுந்தது. மரத்தூண்கள் கூரையைத் தாங்கிய சில வீடுகளிலோ, சுவர் சரிந்தும் கூரை நின்றது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை அரியன அல்ல. கற்சுவர் எழுப்புங்கால் இரண்டடி உயரத்துக்கு ஒரு வரிசையாக, நான்கடிக்கு மிகாத இடைவெளியில், சுவரின் இருபுறமும் எட்டும் நீண்ட கற்களை வைத்தல் வேண்டும். வாசல், சன்னல்களின் மேல்மட்டத்தில், கம்பியிட்ட கான்கிரீட் கட்டு எல்லாச் சுவர்களிலும் இடையறாது சுற்றிவர வேண்டும். மூலையை ஒட்டி வாசலோ சன்னலோ வைத்தல் ஆகாது. கூரையின் பாரத்தைக் குறைத்தல் நலம்.

பஞ்சாயத்தின் பொறுப்பில் கட்டப்படும் கட்டடங்களில் இம்முறைகளை முதலில் கையாளுவோமாக. அவற்றைக் கண்டு கொத்தனார்கள் பழகுவர், ஊராரும் பின்பற்றுவர். நிலம் எப்போது நடுங்கும் என்று எவராலும் முன்கூட்டி உரைக்க இயலாது. நம் சுவர் எவ்வாறு நிற்க வேண்டும் என்பதோ நம் கையில் உள்ளது.