ஐந்தாண்டுப் படிப்பும் அதற்கடுத்த மூன்றாண்டும்



மறைந்த நம் தோழரின் நினைவாக ஆண்டுதோறும் இலக்கியம் பேசுகிறோம். இவ்வாண்டு சட்டக் கல்வியைப் பேச எடுத்துக்கொண்டோம். நம் கதைகளிலும் தன்வரலாறுகளிலும் காவல் நிலையமும் தாலுகா அலுவலகமும் கோர்ட்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. அங்கெல்லாம் நம் மக்கள் மனுவைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நம் பிள்ளைகள் போய் உட்கார என்ன வழி?

பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. சேரலாம். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும் வழி திறக்கின்றன. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கோ கிளாட் தேர்வு: இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், எல்லாம் ஆங்கிலம். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு அந்த வாசல் குறுகியது. ஆகவே அரசுக் கல்லூரிதான் நம் கல்லூரி.

சேர்ந்த அன்று ஊரே கொண்டாடுகிறது. பட்டம் வாங்கிய மறுநாள் யாரும் கூட இருப்பதில்லை. பார் கவுன்சிலில் பதிவுசெய்ய வழக்கறிஞர்கள் சட்டம் நமக்கு விதித்த கட்டணம் 125 ரூபாய். பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். சட்டத்தில் உள்ளதற்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 ஜூலையில்தான்.

2025 மே மாதம் அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பளித்தது. சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞராகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்றது. கோர்ட் நடப்பதைப் பார்க்காதவர் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த மூன்றாண்டுச் சோற்றுக்கு யார் பொறுப்பு? அப்பா வக்கீலாக இருந்தால் அவர் அலுவலகமே போதும். அப்பா சித்தாள் வேலைக்குப் போகிறவர் என்றால், அறை வாடகைக்கும் பேருந்துக்கும் கூட ஜூனியருக்குக் கிடைப்பது போதாது. யாரிடம் ஜூனியராகச் சேர்வது என்பதையும் பல ஊர்களில் சாதியும் உறவும்தான் தீர்மானிக்கின்றன.

அம்பேத்கரையே எடுத்துக்கொள்வோம். 1912இல் பி.ஏ. முடித்தார். பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனார். 1920இல் மீண்டும் லண்டன் போக, கோலாப்பூர் சாகு மகராஜும் நண்பர் ஒருவரும் கைகொடுத்தார்கள். 1923இல் பாரிஸ்டராகத் தொழில் தொடங்கிய பிறகும் வருமானத்துக்காக ஒரு கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். அத்தனை பட்டங்கள் பெற்றவருக்கே இந்த நிலை என்றால், முதல் தலைமுறைப் பட்டதாரியைத் தனியே விடலாமா?

இரண்டு காரியங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று, படிக்கும்போதே செய்வது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ஐயும் 1995ஆம் ஆண்டு விதிகளையும் நம் மாணவர்கள் உண்மையான வழக்குத் தாள்களோடு சேர்த்துப் படிக்கட்டும். விசாரித்தவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவரா? ஜாமீன் மனுவில் பாதிக்கப்பட்டவரைக் கேட்டார்களா? அது 15ஏ பிரிவு தரும் உரிமை. ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடியதா? இப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளை வக்கீலானாலும் பயன்படும். குரூப் 1 எழுதி டி.எஸ்.பி. ஆனாலும் பயன்படும். கடமையை வேண்டுமென்றே செய்யாத அலுவலரைத் தண்டிக்க 4ஆம் பிரிவு இருக்கிறது. தண்டிக்கப்படாத அலுவலராக இருப்பது மட்டும் நம் பிள்ளைகளின் இலக்காக இருக்க முடியாது.

இரண்டு, படித்த பிறகு செய்வது. நம் மூத்த வழக்கறிஞர்கள் ஒவ்வொருவரும் ஒரு ஜூனியரைச் சேர்த்துக்கொள்ளட்டும். அரசுப் பணியில் இருக்கும் தோழர்கள் மாதம் ஒரு தொகை தரட்டும். மலர் அச்சிடப் பணம் திரட்டத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமா?

ஐந்தாண்டுக்கு அரசின் உதவித்தொகை உண்டு. அடுத்த மூன்றாண்டு நம் பொறுப்பு. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள், தோழர்களே.

ஜெய்பீம்.